எதற்கு இந்த மாத்திரை, உம்மா? பிள்ளையிடம் மறைக்கப்படும் எச்.ஐ.வி.

2025 அக்டோபரில் ஜார்க்கண்ட் மாநிலம் சாய்பாசாவிலிருந்து வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். தலசீமியா என்னும் ரத்தக் குறைபாட்டுக்காக அரசு மருத்துவமனையில் தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த குழந்தைகளில் ஐந்து பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது, எதிர்க்கட்சிகள் கண்டித்தன, உயர் நீதிமன்றம் விளக்கம் கேட்டது. ரத்தம் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அந்த ஐந்து குழந்தைகளும் நாளை பத்து வயது, பன்னிரண்டு வயது ஆவார்கள். அப்போது அவர்களிடம் இதை யார் சொல்லப் போகிறார்கள்? என்ன வார்த்தைகளில்? இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதே கேள்வி இன்னும் பெரிய அளவில் இப்போது நிற்கும் இடம் ஒன்று உண்டு. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், லர்கானாவுக்கு அருகிலுள்ள ரத்தோடேரோ. 2019 ஏப்ரலில் அங்கே காய்ச்சல் விடாத குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது, ஒன்றன்பின் ஒன்றாக எச்.ஐ.வி. என்று முடிவுகள் வந்தன. அந்த ஆண்டு ஜூலை முடிவதற்குள் 31 ஆயிரம் பேருக்கு மேல் பரிசோதிக்கப்பட்டு, 930 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 763 பேர் 16 வயதுக்குட்பட்டவர்கள், பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். பெற்ற தாய்மார்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொற்று இல்லை. ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டது, சரியாகப் பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றியது ஆகியவைதாம் காரணம் என்று விசாரணைகள் சொல்லின. சாதாரணக் காய்ச்சலுக்குக் கூட ஊசி போட்டால்தான் மருத்துவம் பார்த்ததாக நினைக்கும் பழக்கம் நம் ஊர்களுக்கும் புதிதல்ல.

அன்று மடியில் இருந்த அந்தக் குழந்தைகள் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். தினமும் மாத்திரை விழுங்குகிறார்கள். தம்பியும் தங்கையும் விழுங்குவதில்லை. 'எனக்கு மட்டும் ஏன்?' என்று கேட்கத் தொடங்கும் வயது இதுதான்.

நம் பக்கத்துக் கதை

ஜார்க்கண்டும் சிந்துவும் தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1986இல் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நடந்த ஆய்வு அது. இன்று நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள், தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இவர்களில் எந்தச் சமுதாயத்தாரும் இல்லாமல் இல்லை. 'நம்மவர்களுக்கு இதெல்லாம் வராது' என்ற பேச்சு நம் மஹல்லாக்களில் அடிக்கடி கேட்கிறது. அந்தப் பேச்சு யாரையும் தொற்றிலிருந்து காப்பாற்றியதில்லை. தொற்று வந்த வீட்டின் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்த வைத்ததுதான் மிச்சம்.

முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. தாயிடமிருந்து தொற்றுப் பெற்றுப் பிறக்கும் குழந்தைகளில் பாதிப்பேர், சிகிச்சை கிடைக்காவிட்டால், இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. குழந்தைகளுக்கான தனித் திட்டம் 2006 இறுதியில் வந்தது. அந்த மருந்துகளால் பிழைத்து வளர்ந்த பிள்ளைகள்தாம் இன்று பதின்பருவத்திலும் அதைத் தாண்டியும் நிற்கிறார்கள். இது மருத்துவத்தின் வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் மருந்து கொடுத்த அளவுக்கு, 'உனக்கு என்ன இருக்கிறது' என்ற உண்மையை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இது குறிப்பிட்ட ஒரு வீடு அல்ல, இந்த நிலையில் இருக்கும் பல வீடுகளின் சாயல். வாப்பா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, 'மஞ்சள் காமாலை' என்று ஊரில் சொல்லப்பட்டது. உம்மா தையல் வேலை பார்க்கிறார். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கு லீவு போட்டு இருவரும் பஸ் ஏறி மாவட்டத் தலைநகரின் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பிள்ளையிடம் சொல்லப்பட்ட காரணம்: 'சின்ன வயசுல உனக்கு நெஞ்சுல சளி கட்டிச்சு, அதுக்கு இந்த மருந்து.' சில வீடுகளில் அது இதயத்தில் ஓட்டை, சில வீடுகளில் ரத்தம் ஊறுவதற்கான சத்து மாத்திரை. சொல்கிறவர் பொய்யர் அல்லர். பயந்துபோனவர்.

இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பிள்ளை விளையாட்டுப் பேச்சில் வெளியே சொல்லிவிட்டால் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், மத்ரஸாவில் தனியாக உட்கார வைப்பார்கள், அக்காவின் நிக்காஹ் நின்றுபோகும் என்று அந்த உம்மா நினைக்கிறார். அப்படி நடந்த ஊர்கள் இருக்கின்றன. ஆகவே 'உடனே சொல்லிவிடுங்கள்' என்று அறிவுரை கூறிவிட்டு எழுந்து போவது எளிது. அந்தத் தெருவில் குடியிருப்பது அவர்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப் போகிறது. பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை, ஏ.ஆர்.டி. மையத்தின் பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. எதிர்ச்சுவரில் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சுவரொட்டி. பக்கத்தில் இருப்பவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவது காதில் விழுகிறது. மருந்து டப்பாவின் மேலே பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது, சில வீடுகளில் உம்மா அந்த லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுகிறார். ஏன் சுரண்ட வேண்டும் என்று பிள்ளை யோசிக்காதா? போதாக்குறைக்குக் கையில் கைப்பேசி. மாத்திரையின் பெயரைத் தட்டினால் மூன்று நொடியில் பதில். பதின்பருவப் பிள்ளைகளோடு பணியாற்றும் ஆற்றுப்படுத்துநர்கள் பல நாடுகளிலும் கண்ட ஒன்று உண்டு. முறையாகச் சொல்லப்படும் நாளில், 'எனக்கு முன்னாடியே தெரியும்' என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். உம்மா அழுவார் என்று பிள்ளை கேட்கவில்லை, பிள்ளை உடைந்துபோகும் என்று உம்மா சொல்லவில்லை. இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒரே ரகசியத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

உடம்பைப் பொறுத்தவரை விஷயம் கடுமையானது. எச்.ஐ.வி. மருந்து வாழ்நாள் முழுவதும் தினமும் எடுக்க வேண்டியது. விட்டுவிட்டு எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிப்போய், அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம். சின்ன வயதில் உம்மா வாயில் போட்டுவிட்டார். பதினைந்து வயதில் யார் போடுவது? 'சளி மருந்து' என்று நம்பும் பையன், சளியே இல்லாதபோது ஏன் விழுங்க வேண்டும்? நண்பர்களோடு டூர் போகும்போது டப்பாவை வீட்டிலேயே விட்டுவிடுகிறான். ஹாஸ்டலில் சேர்ந்தால் பேக்கின் அடியில் போட்டு மறந்துவிடுகிறான். மாதக்கணக்கில் ஒன்றும் ஆவதில்லை. பிறகு காசநோயோ, நிமோனியாவோ வந்து படுக்கையில் தள்ளுகிறது.

2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு கணக்கு அப்போது உலகையே திடுக்கிட வைத்தது. 2005 முதல் 2012 வரை உலக அளவில் எய்ட்ஸ் மரணங்கள் 30 சதவீதம் குறைந்தன, ஆனால் பதின்பருவத்தினரிடையே அதே காலத்தில் 50 சதவீதம் கூடின. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் திட்டங்கள் இருந்தன. நடுவிலிருந்த வயதினரை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

அதற்கு முன்பே, 2011இல், அந்நிறுவனம் வழிகாட்டுதல் ஒன்றைத் தந்திருந்தது. பள்ளி வயதுக் குழந்தைகளிடம், அதாவது ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், அவர்களின் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லிவிட வேண்டும், அதைவிடச் சிறியவர்களுக்கு அறிவுக்கு ஏற்றாற்போல் சிறிது சிறிதாகச் சொல்லி வர வேண்டும் என்பது அதன் சாரம். பன்னிரண்டு என்ற எல்லைக்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு பருவ மாற்றமும், கோபமும், பெற்றோரிடமிருந்து விலகலும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்பது வயதில் 'சரிம்மா' என்று கேட்டுக்கொள்ளும் செய்தி, பதினாறு வயதில் 'இத்தனை வருஷம் என்னை ஏமாத்தினீங்களா' என்று திரும்பி வரும். பல வீடுகளில் நோயைவிட அந்த ஏமாற்றந்தான் அதிகக் காயம் செய்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சொன்ன மறுநாளே பிள்ளை ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கிவிடும் என்று எல்லா ஆய்வுகளும் கூறவில்லை. சிலர் சொன்னபின் சில வாரங்கள் மருந்தை வெறுத்து ஒதுக்குவதும் உண்டு. சொல்லி முடித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணிய இடங்களில்தான் பெரும்பாலும் அது நடக்கிறது.

வளைகுடா மெடிக்கல்

நம் குடும்பங்களுக்கே உரிய இன்னொரு கதவு இருக்கிறது. பிள்ளைக்கு உண்மை தெரியவருவது வீட்டில் அல்ல, பாஸ்போர்ட்டோடு போய் நிற்கும் மெடிக்கல் சென்டரில்.

வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. கட்டாயம். தொற்று இருந்தால் 'அன்ஃபிட்'. விசாவுக்குப் பணம் கட்டி, மாமா வேலை பேசி வைத்து, வீட்டில் வழியனுப்பும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போது, பத்தொன்பது வயதுப் பையன் கையில் அந்த ஒற்றைச் சொல் வந்து விழுகிறது. ஏன் அன்ஃபிட் என்று அவனுக்கு விளக்க அங்கே ஆள் இருப்பார் என்று நம்ப முடியாது. ஏஜெண்டுக்கு அன்ஃபிட் என்பது தெரிந்துவிடும், ஏஜெண்ட் வழியாக ஊருக்கும் கசியலாம். எந்த ரகசியத்தைக் காப்பதற்காகப் பத்து வருடம் பிள்ளையிடம் மறைத்தோமோ, அந்த ரகசியம் பிள்ளைக்கும் ஊருக்கும் ஒரே நாளில் திறக்கிறது. அமீரகத்தில் பெற்றோரின் விசாவில் வளரும் பிள்ளைகளுக்கும் 18 வயது நிறைந்ததும் குடியிருப்பு விசாவுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த வயது வருவதற்கு முன் எந்த நாட்டில் படிப்பது, எந்த நாட்டில் வேலை தேடுவது என்று யோசிக்க அந்தப் பிள்ளைக்கு அவகாசம் கொடுத்திருக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் உறவினருக்காக ரத்தம் கொடுத்தார். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது அந்த இளைஞருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் அவராகவே ஓடிப்போய் ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016இல், ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்ததும், அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை என்பதும் பிறகு வெளிவந்தன. அந்த மாத இறுதியில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஊடகங்கள் அந்தக் கர்ப்பிணிக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பேசின. அது நியாயமே. ஆனால் 2016இலேயே ஓர் ஆற்றுப்படுத்துநர் அந்தப் பையனை உட்கார வைத்து, 'உனக்கு இது இருக்கிறது, மருந்து இருக்கிறது, நீ வாழலாம்' என்று சொல்லியிருந்தால் இரண்டு குடும்பங்களின் கதையும் வேறாக இருந்திருக்கும். பழியும் செய்தியும் அடுத்தடுத்து அவர் மேல் விழுந்தன.

பெண் பிள்ளைகள்

இதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும், குறைவாகப் பேசுகிறோம்.

பிறப்பிலேயே தொற்றோடு பிறந்த ஒரு பெண். அவளிடம் சொல்லப்படவில்லை. பத்தொன்பது வயதில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போகும்' என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். 'சத்து மாத்திரை' புகுந்த வீட்டில் எதற்கு என்று அதையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நிக்காஹ் நடக்கிறது, ஜமாஅத் தப்தரில் கையெழுத்தாகிறது. சில மாதங்களில் அவள் கருவுறுகிறாள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். முடிவு வருகிறது. அவளுக்கும் அப்போதுதான் தெரிகிறது, மாமியாருக்கும் அப்போதுதான் தெரிகிறது.

இப்போது அந்தப் பெண்ணைப் பார்த்து என்ன கேட்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பிறக்கும்போதே வந்த ஒன்றுக்காக அவளுடைய ஒழுக்கம் பஞ்சாயத்தில் வைக்கப்படும். 'எனக்குத் தெரியாது' என்ற அவளுடைய உண்மையை யாரும் நம்பமாட்டார்கள். அவள் கணவனுக்கும் அநீதி, வயிற்றில் உள்ள குழந்தைக்கும் ஆபத்து. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் இழைக்கப்பட்ட இந்தத் தீங்குக்கு நாம் வைத்த பெயர் 'மானம் காத்தல்'.

இதற்கு நேர் எதிரான பாதை கற்பனையல்ல. மருந்தை ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டால், தாம்பத்தியத்தின் வழியே துணைக்குத் தொற்று பரவுவதில்லை. மருத்துவ உலகம் இன்று உறுதியாக ஏற்றுக்கொண்டது இது. இதற்கு வழிவகுத்த பன்னாட்டு ஆய்வுகளில் ஒன்று நடந்த இடங்களில் சென்னையும் இருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு, ஒன்றுமே செய்யாவிட்டால் 15 முதல் 45 சதவீதம் வரை. முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. ஆக, தன் நிலை தெரிந்து, மருந்தில் இருந்து, எதிர்த்தரப்பிடம் மறைக்காமல் சொல்லி மணமுடிக்கும் பெண்ணுக்கோ ஆணுக்கோ குடும்ப வாழ்க்கை மறுக்கப்பட்டதல்ல. ஏற்றுக்கொள்ளும் வரன் அமைவது எளிதல்லதான். அமைந்த இடங்களில் குழந்தைகள் தொற்றில்லாமல் பிறந்து வளர்கிறார்கள். எதுவுமே தெரியாத பிள்ளைக்கு இந்த வாய்ப்பில் ஒன்றுகூட இல்லை.

ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றிய செய்தி நம் கையில் இருக்கும்வரை அது அமானிதம். உரியவர் வளர்ந்ததும் ஒப்படைக்க வேண்டியது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இருக்க முடியாது.

எப்படிச் சொல்வது?

மோசமாகச் சொல்லப்படும் விதங்களை முதலில் பார்த்துவிடலாம். சண்டையில் வாய் தவறி: 'உங்க வாப்பா கொண்டு வந்த சீக்குதானே உனக்கும்.' மையத்து வீட்டில் உறவினர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட்டில் திட்டும்போது. இப்படித் தெரிந்துகொண்ட பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லும் அந்த அவமானமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்கின்றன.

நன்றாகச் சொல்வது ஒரே நாளில் நடப்பதல்ல. ஐந்து, ஆறு வயதில் 'உன் உடம்புல ஒரு கிருமி இருக்கு, இந்த மருந்து அதைத் தூங்க வைக்குது, மருந்து போடலைன்னா முழிச்சுக்கும்' என்பது போதும். அது பொய்யல்ல, பின்னால் மாற்றிச் சொல்லவும் வேண்டாம். எட்டு, ஒன்பது வயதில் ரத்தத்தில் நோயை எதிர்த்துப் போராடும் சிப்பாய்கள் இருப்பதையும், கிருமி அவர்களைத் தாக்குவதையும் சொல்லலாம். நமீபியாவில் இதற்கென்றே படக்கதைப் புத்தகம் தயாரித்து, ஒவ்வொரு வருகையிலும் குழந்தையோடு சில பக்கங்கள் புரட்டிப் பேசுகிறார்கள். கிருமியின் பெயர் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அந்தப் பக்கத்துக்கு வரும்போது குழந்தைக்கு விஷயம் ஏற்கெனவே புரிந்திருக்கும், பெயர் மட்டுந்தான் புதிது. பத்து வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் அந்தப் பெயர் சொல்லப்பட்டுவிட வேண்டும். எச்.ஐ.வி. இருப்பது வேறு, எய்ட்ஸ் என்ற முற்றிய நிலை வேறு என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் பிள்ளை பழைய சினிமாக்களில் பார்த்த சாவைத் தன்மேல் பொருத்திக்கொள்ளும்.

எந்த நாள்? பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம். பெருநாளுக்கு முந்தின நாளும் வேண்டாம். சொன்ன பிறகு இரண்டு மூன்று நாட்கள் உம்மா வீட்டில் இருக்கிற நாளாக இருக்கட்டும். தனியாகச் சொல்லத் தைரியம் இல்லாவிட்டால், மையத்தின் ஆற்றுப்படுத்துநர் முன்னிலையில் சொல்லலாம். ஆனால் அவரிடமே முழுவதும் விட்டுவிட வேண்டாம். 'உம்மாவே என்கிட்ட சொன்னாங்க' என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அத்தாவும் உம்மாவும் இல்லாத பிள்ளைகளுக்கு நன்னியோ பெரியம்மாவோ சொல்ல வேண்டியிருக்கும். அவர்களுக்கே விஷயம் சரியாகத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் முதல் ஆலோசனை அவர்களுக்குத்தான் தேவை.

பெற்றோர் நடுங்குவது ஒரே ஒரு கேள்விக்கு. 'எனக்கு இது எப்படி வந்துச்சு?'

இதற்குப் பதிலைத் தயாரித்துக்கொள்ளாமல் உட்காரக் கூடாது. 'எனக்கு இருந்தது. உன்னை வயித்துல சுமந்தப்போ எனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா உனக்கு வராம மருந்து எடுத்திருப்பேன்.' பெரும்பாலான தாய்மார்களைப் பொறுத்தவரை உண்மை அவ்வளவுதான். அழுகை வந்தால் வரட்டும். 'உங்களுக்கு எப்படி வந்துச்சு' என்ற அடுத்த கேள்வி அன்றே வரலாம், ஐந்து வருடம் கழித்தும் வரலாம். இறந்துபோன கணவரின் கணக்கைப் பிள்ளையிடம் விரிக்க வேண்டிய கட்டாயம் எந்தத் தாய்க்கும் இல்லை. பொய்யும் வேண்டாம். 'பெரியவங்க விஷயம், நீ இன்னும் வளர்ந்தபிறகு பேசுவோம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். வாப்பாவின் மேல் பிள்ளைக்கு இருக்கும் பிரியத்தை உடைத்துத்தான் இந்த உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில்லை.

அடுத்தது, யாரிடம் சொல்லலாம் என்ற கேள்வி. 'வெளியில சொன்னா அவ்வளவுதான்' என்று மிரட்டினால், தான் அசிங்கமான ஒன்று என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். 'இது உன் உடம்போட செய்தி, நீ நம்புற ஒருத்தர் ரெண்டு பேருக்குத் தெரிஞ்சாப் போதும், யாருன்னு சேர்ந்து முடிவு பண்ணுவோம்' என்பது வேறு மாதிரி கேட்கும். பள்ளியில் சொல்ல வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும், பள்ளியிலோ வேலையிலோ மருத்துவமனையிலோ வாடகை வீட்டிலோ பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு, 32ஆவது. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளும், போதிய விவரம் தெரிந்த மூத்த பிள்ளை 12 வயது நிறைந்திருந்தால், தம்பி தங்கைகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் சிகிச்சைக்கும் வங்கிக் கணக்குக்கும் பாதுகாவலராக இருக்கலாம். உடன்பிறந்தவரின் சிகிச்சைக்கே பொறுப்பேற்கும் அறிவு பன்னிரண்டு வயதில் உண்டு என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. தன் மாத்திரை எதற்கு என்று அறிந்துகொள்ளும் வயது வரவில்லை என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தன் வயதில் ஒரு துணை

சொன்ன பிறகு பிள்ளைக்கு மிகவும் தேவைப்படுவது, 'நான் மட்டுமல்ல' என்று கண்ணால் காண்பது. ஜிம்பாப்வேயில் ஸ்வாந்திரி என்ற திட்டம் இதில் முன்னோடி. 2004இல் ஹராரே நகரில் சில பதின்பருவத்தினர் கூடிப் பேசும் குழுவாகத் தொடங்கியது. இன்று தொற்றோடு வாழும் இளைஞர்களே பயிற்சி பெற்று, தங்களைவிடச் சிறியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசுகிறார்கள், மருந்தை நினைவூட்டுகிறார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிள்ளைகளில் 36 சதவீதத்தினருக்குக் கிருமி கட்டுக்குள் வராமலோ மரணமோ நேர்ந்தபோது, இந்தத் துணை கிடைத்தவர்களிடம் அது 25 சதவீதமாக இருந்தது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து ஒன்றேதான். கூட ஒருவர் வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் ஏ.ஆர்.டி. மையங்களில் ஆற்றுப்படுத்துநர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருநாளில் அவர்கள் பார்க்க வேண்டிய கூட்டத்தில், ஒரு பிள்ளையோடு ஒரு மணிநேரம் உட்கார நேரம் எங்கே? அரசு செலவழிக்க வேண்டிய இடம் இது. பதின்பருவத்தினருக்கு மாதத்தில் ஒரு தனி நாள், பள்ளி முடிந்தபின் ஒரு மாலை நேரம், பெரிய பிள்ளைகளைக் கொண்டே சிறியவர்களுக்கு வழிகாட்டல். இதற்குக் கோடிகள் தேவையில்லை. நம் அமைப்புகள் ரத்ததான முகாம்களை மனமுவந்து நடத்துகின்றன. அங்கே பரிசோதனையில் தொற்று கண்டறியப்படும் இளைஞருக்கு அந்தச் செய்தி முறைப்படி, ரகசியமாக, ஆலோசனையோடு போய்ச் சேர்ந்ததா என்று ரத்த வங்கியிடம் உறுதிப்படுத்திக்கொள்வது முகாம் நடத்துகிறவர்களின் பொறுப்பாகட்டும். யார் என்ற பெயர் அவர்களுக்குத் தேவையில்லை, ஏற்பாடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும்.

நோன்பைப் பற்றியும் கேட்கிறார்கள். இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை நாளைக்கு ஒன்றுதான். நோன்பு திறந்தபின் அல்லது சஹரில் எடுக்கும்படி நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடலாம். உடல் தளர்ந்திருப்பவர்களுக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. தன் நிலை தெரிந்த பிள்ளை இந்தக் கேள்வியைத் தானே மருத்துவரிடம் கேட்கும். தெரியாத பிள்ளை, நோன்பு என்று சொல்லி மாத்திரையை விட்டுவிடும், உம்மாவால் காரணம் சொல்லித் தடுக்கவும் முடியாது.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத பெற்றோர், அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தின் ஆற்றுப்படுத்துநரை, பிள்ளையை அழைத்துப் போகாமல், முதலில் தனியாகச் சந்திக்கலாம். 'என் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், எப்படித் தொடங்குவது' என்று கேட்டால் போதும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற தேசிய உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.